விர்ச்சுவல்பாக்ஸ் மக்கர் செய்தால்: அறிகுறி வாரியாகப் பிழை நீக்கும் வழி

ஒரு பிராசஸர், ஒரு ரேம், ஒரு விசைப்பலகை, ஒரு பென் டிரைவ். உரிமை கொண்டாடுவதோ இரண்டு இயங்குதளங்கள். ஒரு கணினிக்குள் இன்னொரு கணினியை (விஎம், அதாவது மெய்நிகர்க் கணினி) ஓட்டும் மென்பொருளான விர்ச்சுவல்பாக்ஸில் வரும் கோளாறுகளில் பெரும்பகுதி இந்த இழுபறியில் பிறப்பவைதான். அதனால் எந்த அறிகுறி வந்தாலும் முதலில் கேட்க வேண்டியது: அந்தப் பொருள் இப்போது யார் பிடியில் இருக்கிறது? விர்ச்சுவல்பாக்ஸை அழித்துவிட்டு மறுபடி நிறுவுவது அநேகமாக எதையும் தீர்க்காது. பிரச்சினை பயாஸிலோ (கணினி எழும்போது முதலில் ஓடும் அடிப்படை அமைப்பு) விண்டோஸிலோ அந்த விஎம்மின் அமைப்பிலோ இருக்கும். புதிதாக நிறுவினாலும் அவை அப்படியேதான் இருக்கும்.

இங்கே சொல்பவை விர்ச்சுவல்பாக்ஸ் 7 வரிசைக்குப் பொருந்தும். ஹோஸ்ட் என்றால் உங்கள் நிஜக் கணினி, கெஸ்ட் என்றால் அதற்குள் ஓடும் இயங்குதளம். 7.1 முதல் செட்டிங்ஸ் சாளரத்தில் பேசிக், எக்ஸ்பர்ட் என்று இரண்டு நிலைகள் உண்டு. கீழே சொல்லும் தெரிவு ஏதாவது கண்ணில் படவில்லை என்றால் எக்ஸ்பர்ட்டுக்கு மாறிப் பாருங்கள்.

பிழைச் செய்தியைப் படிக்கும் முறை

80004005 என்று முடியும் எண்ணைக் கண்டதும் அதைக் கூகுளில் போட்டுத் தேட வேண்டாம். "எதுவோ தோற்றுவிட்டது" என்பதற்கு மேல் அந்த எண் எதையும் சொல்வதில்லை. சம்பந்தமே இல்லாத தீர்வுகள்தான் வந்து குவியும். செய்தியின் விரிவான பகுதியைத் திறந்தால் விஇஆர்ஆர் என்று தொடங்கும் நீளமான சொல் ஒன்று இருக்கும். காரணம் அதில்தான் இருக்கிறது. அதுவும் போதாவிட்டால், விஎம் பெயர்மேல் ரைட் கிளிக் செய்து ஷோ லாக் (நடந்தவற்றின் பதிவேடு) திறந்து, கடைசியிலிருந்து மேல்நோக்கிப் படியுங்கள்.

64 பிட் தெரிவே இல்லை, அல்லது விடி-எக்ஸ் கிடைக்கவில்லை என்று நின்றுவிடுகிறது

பட்டியலில் 32 பிட் இயங்குதளங்கள் மட்டும் தெரிகின்றன என்றால் பிராசஸரின் மெய்நிகராக்க வசதி (இன்டெல்லில் அதன் பெயர் விடி-எக்ஸ்) விர்ச்சுவல்பாக்ஸுக்கு எட்டவில்லை. விண்டோஸில் டாஸ்க் மேனேஜர் → பெர்ஃபார்மன்ஸ் → சிபியு பக்கத்துக்குப் போய், வரைபடத்துக்குக் கீழே விர்ச்சுவலைசேஷன் என்ற வரியைப் பாருங்கள்.

டிசேபிள்ட் என்றிருந்தால் பயாஸில் திறக்க வேண்டும். கணினியை இயக்கியவுடன் எந்த விசையை அழுத்துவது என்பது கணினிக்குக் கணினி மாறும்; எஃப்2, எஃப்10, டெலிட் ஆகியவை வழக்கமானவை. விசையைப் பிடிக்க முடியாவிட்டால் விண்டோஸ் வழியாகவே போகலாம்: செட்டிங்ஸ் → சிஸ்டம் → ரெக்கவரி → அட்வான்ஸ்டு ஸ்டார்ட்டப், பிறகு டிரபிள்ஷூட் → அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ் → யுஇஎஃப்ஐ ஃபர்ம்வேர் செட்டிங்ஸ் (யுஇஎஃப்ஐ அல்லது இஎஃப்ஐ என்பது பயாஸின் புதிய வடிவம்). இன்டெல் கணினிகளில் இன்டெல் விர்ச்சுவலைசேஷன் டெக்னாலஜி என்றோ விடி-எக்ஸ் என்றோ இருக்கும். ஏஎம்டியில் எஸ்விஎம் மோட் என்ற பெயரில் இருக்கும்; அதைச் சில மதர்போர்டுகளில் ஓவர்கிளாக்கிங் பக்கத்துக்குள் ஒளித்துவைத்திருப்பார்கள். எனேபிள் செய்து சேமித்து, ஒருமுறை முழுவதுமாக அணைத்துவிட்டு இயக்குங்கள். வெறும் ரீஸ்டார்ட்டில் இந்த மாற்றம் ஏறாத கணினிகளும் உண்டு.

ஓர் எச்சரிக்கை: டிரைவ் விண்டோஸின் பிட்லாக்கர் குறியாக்கத்தால் பூட்டப்பட்டிருந்தால், பயாஸில் கைவைத்தபின் அது 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்கக்கூடும். முதலில் அந்த எண்ணை எழுதி வைத்துக்கொண்டு, அப்புறம் பயாஸுக்குள் போங்கள்.

எனேபிள்ட் என்று காட்டியும் விஎம் தொடங்க மறுக்கிறதா? அப்படியானால் வசதி இருக்கிறது, ஆனால் வேறொருவர் எடுத்துக்கொண்டுவிட்டார். அடுத்த பகுதி அதைப் பற்றியதுதான்.

விஎம் ஓடுகிறது, ஆனால் தாங்க முடியாத மந்தம்

விஎம் சாளரத்தின் அடிப்பட்டையில் வலப்பக்கம் பாருங்கள். அங்கே சின்னதாகப் பச்சை ஆமை ஒன்று இருந்தால் காரணம் தெரிந்துவிட்டது. ஹோஸ்ட் விண்டோஸில் ஹைப்பர்-வி (மைக்ரோசாஃப்டின் சொந்த மெய்நிகராக்க அமைப்பு) ஓடுகிறது. பிராசஸர் வசதி அதன் கையில். விர்ச்சுவல்பாக்ஸ் நேரடியாக வேலை செய்யாமல் ஹைப்பர்-வி வழியாகச் சுற்றிப் போகிறது. என்இஎம் வழிக்கு மாறியதாக லாக்கில் வரி இருந்தாலும் பொருள் இதுவே. விண்டோஸின் சிஸ்டம் இன்ஃபர்மேஷன் சாளரத்தைத் திறந்து, முதல் பக்கத்தின் அடிவரை இறங்கினால் ஹைப்பர்வைசர் (விஎம்களை இயக்கும் அடித்தளம்) கண்டறியப்பட்டது என்ற வரியும் தெரியும்.

"நான் ஹைப்பர்-வி நிறுவவே இல்லையே" என்பார்கள் பலர். அந்தப் பெயரில் நிறுவியிருக்கத் தேவையில்லை. லினக்ஸுக்கான துணை அமைப்பின் இரண்டாம் பதிப்பு, டாக்கர் டெஸ்க்டாப், விண்டோஸ் சாண்ட்பாக்ஸ், பாதுகாப்புப் பகுதியில் உள்ள மெமரி இன்டெக்ரிட்டி ஆகிய எது ஓடினாலும் அடியில் அதே ஹைப்பர்வைசர்தான். விண்டோஸ் ஹோம் பதிப்பிலும் இது நடக்கும்.

அகற்றும் வரிசை இது:

1. டர்ன் விண்டோஸ் ஃபீச்சர்ஸ் ஆன் ஆர் ஆஃப் என்று தேடித் திறக்கவும். ஹைப்பர்-வி, விர்ச்சுவல் மெஷின் பிளாட்ஃபார்ம், விண்டோஸ் ஹைப்பர்வைசர் பிளாட்ஃபார்ம், விண்டோஸ் சாண்ட்பாக்ஸ் ஆகியவற்றின் டிக்கை எடுக்கவும்.
2. ரீஸ்டார்ட் செய்து ஆமை போய்விட்டதா என்று பார்க்கவும்.
3. போகவில்லை என்றால் விண்டோஸ் செக்யூரிட்டி → டிவைஸ் செக்யூரிட்டி → கோர் ஐசொலேஷன் பக்கத்தில் மெமரி இன்டெக்ரிட்டியை அணைத்து மறுபடி ரீஸ்டார்ட்.
4. அப்படியும் போகாவிட்டால், அட்மினாகத் திறந்த கமாண்ட் பிராம்ப்டில் பிசிடிஎடிட் கருவி மூலம் ஹைப்பர்வைசர் லாஞ்ச் டைப் என்பதை ஆஃப் ஆக்க வேண்டும். திரும்பப் பெற அதையே ஆட்டோ ஆக்கினால் போதும்.

மூன்றாவது படியில் சற்று நிதானியுங்கள். மெமரி இன்டெக்ரிட்டி என்பது கெர்னலுக்குள் (இயங்குதளத்தின் மையப்பகுதி) தீய டிரைவர்கள் நுழையாமல் காக்கும் வேலி. வங்கிக் கணக்கைத் திறக்கும் அதே கணினியில், விஎம் கொஞ்சம் வேகமாக ஓடட்டும் என்பதற்காக அதை எடுப்பது நல்ல பேரம் அல்ல. விஎம்மில் செய்யும் வேலைக்கு ஆமை வேகமே போதுமென்றால் அப்படியே விட்டுவிடலாம். டாக்கரும் லினக்ஸ் துணை அமைப்பும் தினமும் தேவைப்படுபவர்கள் எப்படியும் முதல் படியையே செய்ய முடியாது. செய்தால் அவை இரண்டும் நின்றுவிடும்.

ஆமை இல்லாமலேயே மந்தம் என்றால் கண்ணை ரேம் பக்கம் திருப்புங்கள். 8 ஜிபி உள்ள ஹோஸ்டில் கெஸ்டுக்கு 6 ஜிபி கொடுத்தால் ஹோஸ்ட் மூச்சுத் திணறி, டிஸ்கை ரேம் போலப் பயன்படுத்தத் தொடங்கும்; அப்போது இரண்டுமே படுத்துவிடும். 8 ஜிபி கணினியில் 4 ஜிபிதான் மேல்வரம்பு, லேசான லினக்ஸ் என்றால் 2 ஜிபியே தாராளம். பிராசஸரிலும் இதே கதை. 4 கோர், 8 த்ரெட் என்ற கணினியில் கணக்கில் கொள்ள வேண்டியது 4 கோர்தான்; அதில் 2 கெஸ்டுக்குப் போதும். நிறையக் கொடுத்தால் வேகம் கூடும் என்பது இங்கே தலைகீழாகிவிடுகிறது: கெஸ்ட் கேட்ட கோர்கள் காலியாகும்வரை காத்திருக்கத் தொடங்கும்.

விஎம் கோப்பு பழைய ஹார்ட் டிஸ்கில் இருந்தால் அதை எஸ்எஸ்டிக்கு நகர்த்துங்கள். விஎம் பெயர்மேல் ரைட் கிளிக் → மூவ் வழியாகத்தான் நகர்த்த வேண்டும். ஃபைல் எக்ஸ்ப்ளோரரில் இழுத்துப் போட்டால் என்ன ஆகும் என்பது கடைசியில் வருகிறது.

பூட் ஆகும் மீடியம் இல்லை என்கிறது

புதிய விஎம் என்றால் ஐஎஸ்ஓ கோப்பு (நிறுவல் சிடியின் நகல்) இணைக்கப்படவில்லை. செட்டிங்ஸ் → ஸ்டோரேஜ் போய் சிடி வடிவக் குறியைத் தேர்ந்து கோப்பைக் கொடுங்கள். கொடுத்தும் அதே செய்தி வந்தால் பதிவிறக்கம் பாதியில் நின்ற கோப்பாக இருக்கலாம். தளத்தில் கொடுத்திருக்கும் எஸ்ஹெச்ஏ-256 மதிப்போடு (கோப்பு மாறாமல் வந்ததா என்று காட்டும் எண்) ஒப்பிட்டால் தெரிந்துவிடும்.

நிறுவி முடித்தபின் திரும்பத் திரும்ப நிறுவல் திரைக்கே வருகிறது என்றால் நேர்மாறான பிரச்சினை: ஐஎஸ்ஓவைக் கழற்றவில்லை. கறுப்புத் திரையில் யுஇஎஃப்ஐ ஷெல் என்று வந்து நின்றால், இஎஃப்ஐ டிக்கை நிறுவிய பிறகு மாற்றியிருக்கிறீர்கள். நிறுவும்போது எப்படி இருந்ததோ அப்படியே திருப்பி வையுங்கள்.

விண்டோஸ் 11 நிறுவி "இந்தக் கணினி தகுதியற்றது" என்று மறுத்தால் செட்டிங்ஸ் → சிஸ்டம் பக்கத்தில் இஎஃப்ஐ, டிபிஎம் 2.0 (பாதுகாப்புச் சாவிகளைக் காக்கும் சில்லு), செக்யூர் பூட் (கையொப்பமுள்ளதை மட்டும் பூட் ஆகவிடும் முறை) மூன்றும் இருக்க வேண்டும். கூடவே 4 ஜிபி ரேம், 2 பிராசஸர், 64 ஜிபி டிஸ்க். டிபிஎம்மும் செக்யூர் பூட்டும் விர்ச்சுவல்பாக்ஸில் 7.0 முதல்தான் உண்டு. அதற்கு முந்தைய பதிப்பு வைத்திருந்தால் மேம்படுத்துவதுதான் ஒழுங்கான வழி.

உபுண்டு நிறுவியாயிற்று, ஆனால் டெர்மினல் திறக்கவில்லை, சூடோவும் மறுக்கிறது

இதில் உங்கள் தவறு ஏதுமில்லை. விஎம் உருவாக்கும் முதல் பக்கத்தில் ஐஎஸ்ஓவைக் கொடுத்தவுடன், விர்ச்சுவல்பாக்ஸ் 7 தானாகவே நிறுவும் முறைக்குப் போய்விடுகிறது. விபாக்ஸ்யூசர் என்ற பெயரில் ஒரு கணக்கை உண்டாக்கி, சேஞ்ச்மீ என்று கடவுச்சொல்லும் வைக்கிறது. அந்தக் கணக்குக்கு சூடோ உரிமை (நிர்வாகி அதிகாரத்தோடு கட்டளை ஓட்டுவது) இருப்பதில்லை. உபுண்டு 22.04 போன்றவற்றில் மொழி அமைப்பும் அரைகுறையாக அமைந்துவிடுவதால் டெர்மினல் குறியைச் சொடுக்கினால் ஒரு விநாடி சுழன்றுவிட்டு அடங்கிவிடும்.

புதிதாகத் தொடங்குபவர்கள் முதல் பக்கத்திலேயே அன்அட்டென்டட் இன்ஸ்டலேஷன் (தானாக நிறுவுதல்) வேண்டாம் என்று தேர்ந்துவிட்டால் இந்தத் தலைவலியே வராது. ஏற்கெனவே மாட்டிக்கொண்டவர்கள் உபுண்டுவின் ரீஜன் அண்ட் லாங்குவேஜ் பக்கத்தில் மொழியை வேறொன்றாக மாற்றி, வெளியேறி உள்ளே வந்தால் டெர்மினல் திறக்கும். பிறகு சூ கட்டளையால் ரூட்டாக (முழு அதிகாரமுள்ள கணக்கு) மாறி, உங்கள் கணக்கை சூடோ குழுவில் சேர்க்க வேண்டும். உள்ளே முக்கியமான எதுவும் இல்லையென்றால் அழித்துவிட்டு மறுபடி நிறுவுவதே சுலபம்.

திரை சின்னதாக இருக்கிறது, காப்பி-பேஸ்ட் ஆகவில்லை, ஷேர்டு ஃபோல்டர் தெரியவில்லை

மூன்றுக்கும் மருந்து ஒன்றே: கெஸ்டுக்குள் நிறுவும் துணை மென்பொருளான கெஸ்ட் அடிஷன்ஸ். ஓடும் விஎம்மின் டிவைசஸ் மெனுவில் இருக்கும் இன்சர்ட் கெஸ்ட் அடிஷன்ஸ் சிடி இமேஜ் என்பதைச் சொடுக்குங்கள். கெஸ்ட் விண்டோஸ் என்றால் சிடியைத் திறந்து அதிலுள்ள நிறுவியை ஓட்டி ரீஸ்டார்ட் செய்தால் முடிந்தது.

லினக்ஸில் ஒரு படி முன்னால் இருக்கிறது. அடிஷன்ஸ் தன் கெர்னல் மாட்யூல்களை அங்கேயே கம்பைல் செய்துகொள்ளும். அதற்கு ஜிசிசி கம்பைலர், மேக் என்ற கட்டுமானக் கருவி, ஓடும் கெர்னலுக்கு உரிய ஹெட்டர் கோப்புகள் மூன்றும் வேண்டும். உபுண்டுவிலும் டெபியனிலும் பில்ட்-எசென்ஷியல் பேக்கேஜும் லினக்ஸ்-ஹெட்டர்ஸ் பேக்கேஜும் அதைத் தரும். இங்கே வழக்கமாக வழுக்கும் இடம் ஒன்று உண்டு: அப்டேட் செய்து புதிய கெர்னல் வந்திருக்கும், ஆனால் ரீஸ்டார்ட் செய்யாததால் பழைய கெர்னலே ஓடிக்கொண்டிருக்கும். ஹெட்டர் ஒன்றுக்கு, கெர்னல் வேறொன்று என்று ஆகி கம்பைல் தோற்கும். முதலில் அப்டேட், உடனே ரீஸ்டார்ட், பிறகு ஹெட்டர், கடைசியில் அடிஷன்ஸ் என்ற வரிசையில் போங்கள்.

காப்பி-பேஸ்டுக்கு டிவைசஸ் → ஷேர்டு கிளிப்போர்டு → பைடைரக்‌ஷனல் தெரிவும் தேவை. நிறுவியபின் அது டிசேபிள்டாகவே இருக்கும். 7.1க்கு முந்தைய பதிப்புகளில் வேலண்ட் என்ற புதிய லினக்ஸ் திரை அமைப்பில் கிளிப்போர்டு சரிவர வேலை செய்யாது. லாகின் திரையில் பல்சக்கரக் குறியைச் சொடுக்கி எக்ஸார்க் (பழைய திரை அமைப்பு) தெரிவோடு நுழைந்து பாருங்கள்.

ஷேர்டு ஃபோல்டர் தெரிகிறது, ஆனால் அனுமதி மறுக்கப்படுகிறது என்றால் உங்கள் லினக்ஸ் கணக்கு விபாக்ஸ்எஸ்எஃப் குழுவில் இல்லை. சேர்த்தபின் வெளியேறி உள்ளே வர வேண்டும். சேர்த்த கையோடு முயன்றால் அதே மறுப்புதான் வரும்.

அடிஷன்ஸ் போட்ட பிறகு திரை கறுப்பாகிவிட்டால் செட்டிங்ஸ் → டிஸ்ப்ளே பக்கத்தில் 3டி ஆக்சலரேஷனை அணைத்து, வீடியோ மெமரியை 128 எம்பி ஆக்குங்கள். கிராஃபிக்ஸ் கன்ட்ரோலர் லினக்ஸுக்கு விஎம்எஸ்விஜிஏ, விண்டோஸுக்கு விபாக்ஸ்எஸ்விஜிஏ என்று இருக்கட்டும்.

நெட்வொர்க்: உள்ளே போக முடியவில்லை, வெளியே வர முடியவில்லை

கெஸ்டுக்கு இணையம் வருகிறது, ஆனால் ஹோஸ்டிலிருந்து கெஸ்டைத் தொட முடியவில்லை என்பது கோளாறு அல்ல. கெஸ்டை ஹோஸ்டின் முகவரிக்குப் பின்னால் மறைத்து இணையத்தோடு இணைக்கும் நேட் முறையின் இயல்பு. கெஸ்டுக்கு 10.0.2.15 என்ற முகவரியும் அதன் கேட்வேக்கு 10.0.2.2 என்ற முகவரியும் கிடைக்கும். உள்ளிருந்து வெளியே போகும் கதவு மட்டும் திறந்திருக்கும். இரண்டு விஎம்களிலும் 10.0.2.15 என்றே காட்டினாலும் பதற வேண்டாம்: ஒவ்வொன்றும் தன் தனி அறையில் இருக்கிறது. அவை இரண்டும் பேசிக்கொள்ள வேண்டுமென்றால் நேட் நெட்வொர்க் என்ற வேறு முறைக்கு மாற்ற வேண்டும். பெயர் ஒன்றுபோல இருப்பதால் பலர் இதைத் தவறவிடுகிறார்கள்.

ஹோஸ்டிலிருந்து எஸ்எஸ்ஹெச் (தொலைவிலிருந்து டெர்மினல் திறக்கும் முறை) வழியாக கெஸ்டுக்குள் போக, செட்டிங்ஸ் → நெட்வொர்க் → போர்ட் ஃபார்வர்டிங் திறந்து ஒரு வரி சேருங்கள். புரோட்டோகால் டிசிபி, ஹோஸ்ட் போர்ட் 2222, கெஸ்ட் போர்ட் 22. முகவரிக் கட்டங்களைக் காலியாக விடலாம். இனி ஹோஸ்டில் 127.0.0.1 முகவரியின் 2222ஆம் போர்ட்டுக்கு இணைத்தால் கெஸ்ட் பதில் சொல்லும். லினக்ஸ் ஹோஸ்டில் 1024க்குக் கீழான போர்ட் எண்ணைக் கொடுத்தால் சாதாரணக் கணக்குக்கு அனுமதி கிடைக்காது.

கெஸ்டை நேரடியாக உங்கள் நெட்வொர்க்கில் சேர்க்கும் பிரிட்ஜ்ட் முறையில் முகவரியே வரவில்லை என்றால், கீழ்ப்பட்டியலில் எந்த நெட்வொர்க் கார்டைத் தேர்ந்திருக்கிறீர்கள் என்று பாருங்கள். லேன் வயர் கார்டு தேர்வாகியிருக்கும், கணினி ஓடுவதோ வைஃபையில். சரியான கார்டு என்றாலும் அலுவலகம், கல்லூரி வைஃபைகளில் ஒரு கணினிக்குப் பின்னால் இன்னொன்று ஒட்டிக்கொள்வதை ஏற்க மாட்டார்கள். அங்கே நேட்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

குளோன் செய்த விஎம் இயங்கும்போது மட்டும் இரண்டிலும் இணையம் தடுமாறினால் இரண்டுக்கும் ஒரே மேக் முகவரி (நெட்வொர்க் கார்டின் அடையாள எண்). நெட்வொர்க் பக்கத்தில் மேக் முகவரிக்கு அருகிலுள்ள சுழல் குறியைச் சொடுக்கினால் புதியது வரும்.

டிஸ்க் நிறைந்துவிட்டது

யாருடைய டிஸ்க் என்று முதலில் பிரித்துப் பாருங்கள்.

ஹோஸ்டின் டிஸ்க் நிறைந்தால் விஎம் திடீரென்று பாஸ் நிலைக்குப் போய் ஒரு செய்தி காட்டும். பயந்துபோய் பவர் ஆஃப் செய்துவிடாதீர்கள். கெஸ்ட் எழுத முயன்ற தரவு நடுவழியில் நிற்கிறது. ஹோஸ்டில் சில ஜிபி இடத்தைக் காலி செய்துவிட்டு மெஷின் மெனுவில் பாஸ் டிக்கை எடுத்தால் விட்ட இடத்திலிருந்து தொடரும்.

இடத்தைத் தின்றவை பெரும்பாலும் ஸ்னாப்ஷாட்கள், அதாவது விஎம்மின் ஒரு நேரத்து நிலையைச் சேமித்து வைத்தவை. ஒவ்வொன்றும் அன்று முதல் நடந்த மாற்றங்களைத் தனிக் கோப்பில் சேர்த்துக்கொண்டே போகும். ஸ்னாப்ஷாட்ஸ் ஃபோல்டருக்குள் போய் அந்தக் கோப்புகளைக் கையால் அழித்தால் விஎம் அத்தோடு போயிற்று; அவை ஒன்றன்மேல் ஒன்று நிற்கும் அடுக்கு. விர்ச்சுவல்பாக்ஸ் சாளரத்தின் ஸ்னாப்ஷாட்ஸ் பக்கத்திலிருந்துதான் நீக்க வேண்டும். நீக்கும்போது கோப்புகள் ஒன்றோடொன்று கலப்பதால் நேரமும் எடுக்கும், தற்காலிகமாகக் கூடுதல் இடமும் கேட்கும். டிஸ்க் முழுவதும் நிறையும்வரை காத்திருந்தால் நீக்கக்கூட இடம் இருக்காது.

கெஸ்டுக்குள் அழித்த கோப்புகளின் இடம் ஹோஸ்டுக்குத் தானாகத் திரும்பாது. டைனமிக் டிஸ்க் வளரும், தானாகச் சுருங்காது. உள்ளே காலி இடத்தைப் பூஜ்யத்தால் நிரப்பி (விண்டோஸில் எஸ்டெலீட், லினக்ஸில் ஜீரோஃப்ரீ), விஎம்மை அணைத்துவிட்டு, விபாக்ஸ்மேனேஜ் கருவியின் மோடிஃபைமீடியம் கட்டளையை காம்பாக்ட் தெரிவோடு ஓட்டினால் சுருங்கும்.

கெஸ்டின் டிஸ்க் நிறைந்தால் டூல்ஸ் பகுதியில் மீடியா பக்கத்தைத் திறந்து அளவைக் கூட்டுங்கள். ஸ்னாப்ஷாட் இருந்தால் முதலில் அவற்றை நீக்குங்கள். இல்லையேல் கெஸ்ட் பழைய அளவையே காட்டும். கூட்டிய பிறகு கெஸ்டுக்குள் பார்ட்டிஷனையும் நீட்ட வேண்டும். விண்டோஸில் எக்ஸ்டெண்ட் வால்யூம் மங்கலாகத் தெரிந்தால் சி டிரைவுக்கும் புதிய காலி இடத்துக்கும் நடுவே ரெக்கவரி பார்ட்டிஷன் குறுக்கே நிற்கிறது. ஜிபார்ட்டெட் ஐஎஸ்ஓவில் பூட் செய்து, அதைக் கடைசிக்கு நகர்த்தினால் வழி திறக்கும்.

பென் டிரைவ் கெஸ்டில் தெரியவில்லை

ஒரு நேரத்தில் ஒருவருக்குத்தான். டிவைசஸ் → யுஎஸ்பி பட்டியலில் டிக் செய்தால் கெஸ்டுக்குப் போகும், ஹோஸ்டில் மறையும். அதனால் ஹோஸ்டில் அந்த டிரைவில் ஏதாவது திறந்திருந்தால் முதலில் மூடுங்கள். பட்டியலே காலியாக இருந்தால், லினக்ஸ் ஹோஸ்டில் உங்கள் கணக்கு விபாக்ஸ்யூசர்ஸ் குழுவில் இல்லை என்று பொருள். சேர்த்துவிட்டு வெளியேறி உள்ளே வாருங்கள். 7.0 முதல் யுஎஸ்பி 2, 3 இரண்டும் அடிப்படைப் பேக்கேஜிலேயே வந்துவிட்டன. பழைய பதிப்புகளில்தான் அதற்கு எக்ஸ்டென்ஷன் பேக் தேவைப்பட்டது. வேறு காரணத்துக்காக அந்தப் பேக்கைப் போடுவதாக இருந்தால் பதிப்பு எண் விர்ச்சுவல்பாக்ஸோடு துல்லியமாகப் பொருந்த வேண்டும்.

மவுஸ் விஎம்முக்குள் சிக்கிக்கொண்டது

வலது கன்ட்ரோல் விசை. ஆப்பிள் மேக்கில் இடது கமாண்ட். வலது கன்ட்ரோலே இல்லாத லேப்டாப் என்றால் பிரிஃபரன்சஸ் → இன்புட் பக்கத்தில் வேறு விசையை வைத்துக்கொள்ளலாம்.

லினக்ஸ் ஹோஸ்ட்: நேற்றுவரை ஓடியது, அப்டேட்டுக்குப் பின் ஓடவில்லை

விபாக்ஸ்டிஆர்வி மாட்யூல் ஏறவில்லை என்று செய்தி வந்தால் புதிய கெர்னலுக்கு அது கம்பைல் ஆகவில்லை. ஹெட்டர் பேக்கேஜை நிறுவி, ரூட்டாக விபாக்ஸ்கான்ஃபிக் கட்டளையை ஓட்டுங்கள். கம்பைல் ஆகியும் ஏற மறுத்தால் செக்யூர் பூட் தடுக்கிறது: கையொப்பமில்லாத மாட்யூலை கெர்னல் ஏற்காது. உபுண்டுவில் நிறுவும்போது ஒரு கடவுச்சொல் கேட்டு, அடுத்த பூட்டில் நீலத்திரை ஒன்று வரும். அதில் என்ரோல் எம்ஓகே தேர்ந்து அதே கடவுச்சொல்லைக் கொடுக்க வேண்டும். அந்தத் திரையைக் கவனிக்காமல் கன்டினியூ கொடுத்துவிட்டால் சாவி பதிவாகாது.

கெர்னல் 6.12 முதல் இன்னொரு சிக்கல். லினக்ஸின் சொந்த மெய்நிகராக்க அமைப்பான கேவிஎம் மாட்யூல் ஏறும்போதே பிராசஸர் வசதியைத் தன் பிடிக்குள் கொண்டுவந்துவிடுகிறது; விர்ச்சுவல்பாக்ஸோ விஎம்எக்ஸ் ரூட் மோட் பற்றி ஒரு பிழை காட்டி நிற்கக்கூடும். கேவிஎம்-இன்டெல் அல்லது கேவிஎம்-ஏஎம்டி மாட்யூலை ரிமூவ் செய்தால் உடனே ஓடும். அடுத்த பூட்டில் மறுபடி வராமலிருக்க அதை பிளாக்லிஸ்டில் சேர்க்க வேண்டும்.

இன்ஆக்சசிபிள் என்று விஎம் மங்கலாகக் கிடக்கிறது

கோப்பை யாரோ நகர்த்தியிருக்கிறார்கள், அல்லது அது இருந்த வெளி டிஸ்க் செருகப்படவில்லை, அல்லது அதன் டிரைவ் எழுத்து மாறிவிட்டது. டிஸ்க் விஷயம் என்றால் செருகிவிட்டு ரிஃப்ரெஷ் கொடுங்கள். நகர்த்தியிருந்தால் பட்டியலிலிருந்து ரிமூவ் செய்து, கோப்புகளை அழிக்கவா என்ற கேள்விக்கு ரிமூவ் ஒன்லி என்று மட்டும் சொல்லி, மெஷின் → ஆட் வழியாகப் புதிய இடத்தைக் காட்டுங்கள்.

மின்சாரம் போய் அமைப்புக் கோப்பே கெட்டுவிட்டதா? விஎம் ஃபோல்டரில் அதே பெயரில், கடைசியில் பிரீவ் என்று ஒட்டிய இன்னொரு கோப்பு இருக்கும். முந்தைய நல்ல நிலையின் பிரதி அது. கெட்டதை வேறு பெயருக்கு மாற்றிவிட்டு, இதன் பெயரிலிருந்து அந்த ஒட்டை நீக்கினால் விஎம் மறுபடி பட்டியலில் உயிர்பெறும்.

விடிஐ கோப்பைக் (விஎம்மின் டிஸ்க்) காப்பி எடுத்து வேறு விஎம்மில் சேர்க்கும்போது யுயுஐடி ஏற்கெனவே உள்ளது என்று மறுத்தால், கோப்போடு அதன் அடையாள எண்ணும் சேர்ந்து காப்பியாகியிருக்கிறது. மீடியா பக்கத்திலுள்ள காப்பி பொத்தானால் பிரதி எடுத்தால் புது எண் கிடைக்கும்.

சேவ் செய்து மூடிய விஎம், விர்ச்சுவல்பாக்ஸை மேம்படுத்திய பிறகு திறக்க மறுத்தால் டிஸ்கார்ட் சேவ்டு ஸ்டேட் கொடுப்பதுதான் நேரான வழி. டிஸ்கில் எழுதியவை பத்திரமாக இருக்கும்; திறந்திருந்த சாளரங்களும் சேமிக்காத வேலையும் போய்விடும். அதனால் மேம்படுத்தும் முன் எல்லா விஎம்களையும் உள்ளிருந்தே ஷட்டவுன் செய்துவிடுங்கள்.